ஏழாம் மாடிச் சாரல்

ஆனி பிறந்து மலைமேல் காற்றுத் திரும்பியதும், மேலக்குறிச்சியில் லாட்ஜுக்காரர்கள் அறைகளுக்கு வெள்ளையடிக்கவும், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பெஞ்சுகளைக் கழுவிப் போடவும், பழக்கடைக்காரர்கள் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கவும், ஊர் முழுக்கச் சீசனைப் பார்த்து முகம் திருப்பி நின்ற அந்த வாரத்தில், ஊரை விட்டு வெளியே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் முப்பிடாதி ஒருத்திதான்.

அவளைக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடியால் ஆன பெரிய கட்டடம் ஒன்றில் இருந்த அந்தக் கம்பெனியில், வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றின் டிக்கெட் மென்பொருளில் வருகிற பிழைகளைச் சரிசெய்வது அவள் வேலை. நோய் பரவிய காலத்தில் எல்லோர் கையிலும் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்; அதுவரை மாதம் ஒருமுறை வந்து போகிற மனைவியாக இருந்தவள் அப்போதுதான் மேலக்குறிச்சிக்கு வந்து, அருவி ரோட்டில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் கணவன் குற்றாலிங்கத்தோடு ஒரே கூரைக்குக் கீழ் குடியிருக்க ஆரம்பித்தாள். மகள் செண்பகா பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். முப்பிடாதி மொட்டைமாடித் தட்டட்டிக்குப் போகும் படிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் விமானத்தைத் தவறவிட இருந்தவர்களை எல்லாம் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம் அப்படி ஓடியது. பிறகு, எல்லோரும் திரும்ப அலுவலகத்துக்கு வர வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அவள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. வீடியோவில் பேச நேரம் கேட்டு வாங்கினாள். அந்தப் பக்கம் மனிதவளப் பிரிவைப் பார்க்கும் ஷெரின் இருந்தாள். அவளுக்குப் பக்கத்துச் சதுரத்தில் முப்பிடாதியின் மேலாளர் தாமோதரன், கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி இருந்தார்.

"விதிவிலக்கு கொடுக்கலாம், முப்பிடாதி. காரணம் மட்டும் சொல்லுங்க, நான் போட்டுக்கறேன்," என்றாள் ஷெரின். "அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மேடம்."

"உங்களுக்கு ஏதாவது டிரீட்மெண்ட்? குழந்தைக்கு?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் மேடம்."

"அப்ப என்ன காரணம்னு போடறது?"

"அதான் மேடம் காரணம். எல்லாரும் இங்க நல்லா இருக்கோம்."

ஷெரின் திரையில் எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அது லிஸ்ட்ல இல்லையே," என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டு. தாமோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாலிசி மேல இருந்து வருது முப்பிடாதி, என் கையில ஒண்ணும் இல்ல," என்றார்.

அப்படித்தான் அவள் பஸ் ஏறினாள். காரப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் ஒன்று பிடித்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஏழாம் மாடியில் அவளுக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலையில், அவள் லேப்டாப்பைத் திறந்து முதல் பிழையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் தலைக்கு மேல் சாரல் விழுந்தது.

மழை என்று சொல்ல முடியாது. சென்னைக்காரர்களுக்கு அதற்கு வார்த்தையும் கிடையாது. காற்றில் மாவு சலித்தது போல, விழுகிறதா மிதக்கிறதா என்று தெரியாமல், ஈரப்பாறை வாசமும் எங்கோ பழுத்த பலாவின் வாசமுமாக இறங்கியது. முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். கூரைப் பலகைக்கு ஒரு முழம் கீழே வெள்ளையாக ஒரு மேகம் நின்றது. அதை அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அவள் வேலை பார்க்கும் அறையின் தகரக் கூரைக்கு மேல் நின்ற மேகம்தான் அது. கைக்குட்டையால் லேப்டாப்பைத் துடைத்துவிட்டு, அதை ஒரு பாலிதீன் பைக்குள் நுழைத்துக்கொண்டு, அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

கட்டடப் பராமரிப்பு ஆட்கள் ஏணி கொண்டுவந்து, ஏசி ஒழுகுகிறது என்று பலகைகளைக் கழற்றினார்கள். மேலே தூசியும் வறண்ட குழாய்களும்தான் இருந்தன. மேசையைச் சன்னல் பக்கம் மாற்றினார்கள். மேகமும் நிதானமாக நகர்ந்து வந்தது. பிறகு யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை, ஏனென்றால் அந்த வாரம் எல்லோருக்கும் வேலை இருந்தது. மின்சார இணைப்புகளை உயரத் தூக்கிக் கட்டினார்கள். மேசைக்குக் கீழே அகலமான தட்டு ஒன்று வைத்து, அதிலிருந்து குழாய் போட்டு, தண்ணீரைக் கீழே தொட்டிக்கு இறக்கினார்கள். அவளோடு மீட்டிங் என்றால் ஆளுக்கொரு குடையோடு வந்தார்கள். ஒரு மாதம் போவதற்குள் அவள் மேசைக்காலில் பாசி படர்ந்தது, தடுப்புப் பலகையில் பெரணிச் செடி முளைத்தது, கட்டைவிரல் அளவுத் தவளைகள் பிரிண்டருக்குள் குடியேறின, துப்புரவுப் பெண்கள் அவற்றைப் பிடித்துத் திரும்ப அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். வியர்க்குரு வந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் வேலையில் மூழ்கினால் சாரல் கனத்தது, அவள் டீ குடிக்க எழுந்தால் நின்றது, அவள் விடுதிக்குப் போய்விட்டால் மேகம் கூரையோடு ஒட்டிக்கொண்டு அவள் வரும்வரை காத்திருந்தது.

தாமோதரன் மட்டும் தினமும் வந்தார். அவர் கமுதிப் பக்கம். மழையைக் கேள்விப்பட்டே வளர்ந்த மண். தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றி, தட்டில் தேங்கிய தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

குற்றாலிங்கம் ஒரு மத்தியானம் போன் செய்தான். "இங்கன காத்து இருக்கு, மலை இருண்டு நிக்கி. ஆனா ஒரு பொட்டு இறங்க மாட்டேங்கு. அருவி நூல் மாதிரி விழுது."

"இங்க பெய்யுதுங்க," என்றாள் முப்பிடாதி.

"மெட்ராஸ்லயா?"

"மெட்ராஸ்ல இல்ல. என் சீட்டுல."

 கல்லில் பரோட்டாவை அடிக்கிற சத்தம் கேட்டது. "நல்லா பெய்யுதா?" என்றான்.

"நல்ல சாரல்."

"சரி. தலையை ஒழுங்காத் துவட்டு. சளி பிடிச்சிரப் போவுது."

ஆனால் அவன் குரலில் இருந்த பயம் அவளுக்குக் கேட்டது. அந்த வார இறுதியிலேயே ஊருக்குப் புறப்பட்டாள். பஸ் மேலக்குறிச்சியில் நின்றபோது, குற்றாலிங்கம் சொன்னதைக் கேட்டு ஸ்டாண்டில் பாதி ஊர் நின்றது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் படியிறங்க இறங்க, அவள் தலைக்கு மேலே இருந்த ஆகாயத்தையே பார்த்தார்கள். ஆகாயம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. லாட்ஜுச் சங்கத் தலைவர் பீர் முகமது, கையிலிருந்த குடையை மெல்ல மடக்கினார்.

"ஆளு வந்தா மழையும் வரும்னு நெனச்சோம்மா," என்றார். "ஆள் பின்னாடி வரல. அப்போ வேலைக்குப் பின்னாடிதான் போயிருக்கு."

அதற்கப்புறம் ஊருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இந்த ஐந்து வருஷமும் சீசன் ஏன் அப்படிக் கொட்டியது என்று இப்போது ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். அவளுக்கு வேலை அதிகமாக இருந்த நாள்களில்தான் வெள்ளம் பெருகி அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள் என்று அடித்துச் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. யாரும் திட்டவில்லை. வந்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், தகரக் கூரை அறையைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். பழக்கடை வேலம்மாள் மட்டும் கேட்டுவிட்டாள். "பேசாம வேலையை விட்டுரேன் முப்பிடாதி. நாங்க எல்லாம் சேந்து உனக்கு ஒரு கடை வச்சுத் தாரோம்."

"விட்டுருவேன் மதினி," என்றாள் முப்பிடாதி. "நான் விட்டா அந்தச் சீட்டுல வேற ஒருத்தியை உக்கார வைப்பாங்க. மழை அவகிட்டயே நின்னுட்டா என்ன செய்ய?"

வேலம்மாள் எழுந்து மறுபடியும் தகரக் கூரை அறையை எட்டிப் பார்த்தாள். குற்றாலிங்கம் அடுப்படியில் மாவைப் பிசைந்துகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பிசைந்த மாவு முந்தைய வருஷம் பிசைந்ததில் கால்வாசிகூட இல்லை.

ஆடி பிறந்தது. அருவி பாறையில் ஒரு ஈரக்கறையாக மட்டும் மிஞ்சியது, பிறகு அந்தக் கறையும் காய்ந்து கறுத்தது. "அம்மா, மலைக் குரங்கெல்லாம் நம்ம தெருவுக்கு வந்துருச்சு, மாமரத்துல உக்காந்து எங்களையே பாக்குது," என்று செண்பகா போனில் சொன்னாள். வெள்ளையடித்த லாட்ஜு அறைகளில் பூட்டுத் தொங்கியது. கேரளாவிலிருந்து வந்து இறங்கிய பழங்கள் கூடையோடு அழுகின.

கம்பெனியிலோ வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்தச் சாலையில் எல்லாக் கட்டடங்களும் தண்ணீர் லாரியை நம்பித்தான் இருந்தன. கோடை என்றும் மழைக்காலம் என்றும் பாராமல் காலையில் லாரிகள் வரிசையில் நிற்கும். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் லாரி வருவது நின்றுபோயிற்று. ஏழாம் மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர் தொட்டியை நிறைத்து, தோட்டத்துக்கும் போய், மிச்சம் வெளியே வழிந்தது. கம்பெனியின் சென்னைக் கிளைத் தலைவர் சேஷாத்ரி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து மேகத்தைக் காட்டினார். அதற்கு ஒரு பெயர் வைத்து, கீழே வரவேற்பறையில் அதன் பெரிய படம் மாட்டினார்கள்.

மேலக்குறிச்சியிலிருந்து ஒரு வேன் வந்தது அப்போதுதான். பீர் முகமதுவும் வேலம்மாளும் எண்ணெய் தேய்க்கிற நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். வாசலில் நிறுத்திவைப்பார்கள் என்று நினைத்து வந்தவர்களை, சேஷாத்ரி உள்ளே வரச் சொல்லி, கழுத்தில் விருந்தினர் அட்டை மாட்டி, காபி கொடுத்து, ஏழாம் மாடிக்கே அழைத்துப் போனார். முப்பிடாதி தன் ஊர்க்காரர்கள் ஈரக் கம்பளத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள். அவள் எழுந்ததும் சாரல் நின்றது. "உக்காரும்மா," என்றார் பீர் முகமது. "உக்காந்து வேலையைப் பாரு. நாங்க பாக்கணும்லா."

அவள் உட்கார்ந்து தட்டினாள். சாரல் இறங்கியது. வேலம்மாள் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து, நனைந்ததும் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "நம்மதுதான்," என்றாள்.

பீர் முகமது சேஷாத்ரியிடம் திரும்பினார். "சார், இது எங்க ஊர் மழை. எங்களுக்கு இதை விட்டா வேற பொழைப்பு கிடையாது."

"எனக்குப் புரியுது பாய்," என்றார் சேஷாத்ரி. நல்ல குரல் அவருக்கு, கோபமே வராத குரல். "ஆனா மழைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எங்க கட்டடத்துக்குள்ள, எங்க ஊழியர் மேல, வேலை நேரத்துல பெய்யுது. நாங்க பிடிச்சு வைக்கல. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போங்க, உங்களுக்கு எப்பவும் அனுமதி உண்டு."

அவர்கள் லிஃப்டில் இறங்கிப் போனபோது, யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலையே அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, மேசையின் அந்தப் பக்கம் சேஷாத்ரியும் ஷெரினும், ஓரத்தில் தாமோதரன். அவள் உள்ளே வந்ததும் மேகம் கதவருகே வந்து தயங்கி நின்றது.

"உங்களுக்குப் பதவி உயர்வு தர்றோம்," என்றார் சேஷாத்ரி. "பக்கத்துலயே வீடு. குழந்தைக்கு இங்க நல்ல ஸ்கூல். உங்க கணவருக்கு நம்ம கேண்டீன்லயே ஒரு கவுண்டர் போட்டுத் தரலாம். வாரத்துல அஞ்சு நாளும் வந்துடுங்க, அவ்வளவுதான்."

"என்னை ஊர்லயே இருந்து வேலை பாக்க விடுங்க சார். ஆரம்பத்துலேருந்து நான் கேட்டது அது ஒண்ணுதான்."

"அது பாலிசியில இல்லம்மா."

"கேண்டீன்ல பரோட்டா கவுண்டர் போடறது பாலிசியில இருக்கா சார்?"

ஷெரின் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். சேஷாத்ரி சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "நீங்க வேலையை விட்டுப் போகலாம், அது உங்க உரிமை," என்றார். "லீவு போட்டுட்டு அங்கயே உக்காந்தா, நாங்களே விடுவிச்சுடுவோம். எப்படியிருந்தாலும் அந்தச் சீட்டு இங்கதான் இருக்கும். வேற ஒருத்தர் வருவாங்க. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யோசிங்க. திங்கட்கிழமை சொல்லுங்க."

அவள் விடுதியின் துணி காயும் மாடியில் நின்று குற்றாலிங்கத்தோடு பேசினாள். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் வற்புறுத்திக் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. "கடையை ரெண்டு நாளா திறக்கல," என்று மட்டும் சொன்னான். "யாரும் வரல, அதான். நீ இதை மனசுல போட்டுக்காத." போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். கோபம் வருவதற்கு அவளுக்கு எப்போதும் நேரமாகும். அன்று அது காலிலிருந்து மெதுவாக ஏறி வந்தது, கைவிரல்களுக்கு வந்து சேர்ந்தபோது, என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே வந்து சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் நேராகத் தாமோதரனின் மேசைக்குப் போனாள்.

"சார், நம்ம டீம்ல தீராம கெடக்கிற பிழை எல்லாத்தையும் என் பேர்ல போடுங்க. பழசு, புதுசு, யாரும் தொடாம விட்டது, எல்லாம்."

தாமோதரன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அது என்னவாகும் என்பது அவருக்குத் தெரியும் என்பதும், அதன்பிறகு அவருடைய பெயர் எந்தெந்த அறையில் அடிபடும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கிறார் என்பதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே வெயில் தார்ரோட்டில் மினுங்கியது.

"எல்லாமேவா?" என்றார்.

"எல்லாமே."

அவர் திரும்பி உட்கார்ந்தார். ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மேலிருந்து கீழ்வரை அத்தனையையும் தேர்ந்தெடுத்து, அவள் பெயரைப் போட்டு, பொத்தானை அழுத்தினார்.

முப்பிடாதி வேலை செய்தாள். வருஷக்கணக்காகப் புழுதி படிந்து கிடந்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவிழ்த்து, முடிச்சை நீக்கி, மூடி, அடுத்ததை எடுத்தாள். ஒரு விதியையும் அவள் மீறவில்லை. அவள் அளவுக்கு ஒழுங்காக அன்று அந்தக் கட்டடத்தில் யாருமே வேலை செய்யவில்லை. மேகம் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாறி, சாம்பலிலிருந்து கறுத்து, அவள் மேசையை விட்டு அகன்று மாடி முழுக்கப் பரவியது. சாரல் தூறலாயிற்று, தூறல் மழையாயிற்று, மழை பிறகு மலைமழையாயிற்று; கம்பளம் மூழ்கி, நாற்காலிகள் தாமாக உருண்டு, குப்பைக்கூடைகள் மிதந்தன. ஆட்கள் லேப்டாப்புகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக, கலவரமில்லாமல், கோயில் குளத்திலிருந்து கரையேறுகிறவர்கள் போலப் படிக்கட்டைப் பார்த்து நடந்தார்கள். ஆறாம் மாடிக்கு இறங்கும் படியில் தண்ணீர் அருவியாக விழுந்தது. ஓர் இளைஞன் அதற்குக் கீழே நின்று சட்டையோடு குளித்துவிட்டுப் போனான். மின்சாரத்தை அணைத்தார்கள். பாலிதீன் பைக்குள் இருந்த லேப்டாப்பின் பேட்டரியிலும், தன் போனின் இணைப்பிலும் முப்பிடாதி இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

சேஷாத்ரி கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஷெரின், காற்றில் திரும்பிப்போன குடையைப் பிடித்தபடி.

"நிறுத்துங்க," என்றார் சேஷாத்ரி.

"வேலை நேரம் இன்னும் முடியல சார்."

"கீழ் மாடியில சர்வர் இருக்கு. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்." அவள் அடுத்த பிழையைத் திறந்தாள். "உங்க சீட்டுல உக்காந்து, உங்க வேலை நேரத்துல, உங்க வேலையத்தான் செய்யுதேன். நாளைக்கும் வருவேன். அஞ்சு நாளும் வரச் சொன்னீங்கள்லா, வருவேன். இன்னும் நிறைய இருக்கு."

எங்கோ இடி இடித்தது. கட்டடத்துக்குள்ளேதான். சேஷாத்ரி கண்ணாடிச் சுவரையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கோபமே வராத குரலில் முதல் தடவையாக ஒரு பிசிறு விழுந்தது.

"அங்க போனா உங்க கூட வரும்னு என்ன நிச்சயம்?"

முப்பிடாதியின் விரல்கள் நின்றன. மழையும் கொஞ்சம் தளர்ந்தது. "நிச்சயம் ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "வரலன்னா எனக்கு ஊர்ல முகம் கிடையாது. அதை நான் பாத்துக்கிடுதேன்."

முழங்கால் தண்ணீரில் நின்றபடியேதான் பேசி முடித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் அனுமதி. அடுத்த ஆனியில் மறுபடி கேட்க வேண்டும். அதுவரை பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. அவள் பணியிடத்தை மாற்றுவதற்கு ஷெரினின் போனிலேயே வழி இருந்தது. ஷெரின் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சென்னை என்பதை அழித்துவிட்டு, ஊர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு அடித்தாள். காரணம் என்று ஓர் இடம் இருந்தது. அவள் முப்பிடாதியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல், "மற்றவை" என்பதைத் தொட்டாள்.

முப்பிடாதி லேப்டாப்பை மூடினாள். மழை நின்றது. மேகம் ஒரு நிமிஷம் அங்கேயே தொங்கியது. பிறகு சன்னல் இடுக்கு வழியாக, புகை வெளியேறுவது போல் வெளியேறியது. எந்தத் திசைக்குப் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

அவள் ஊருக்கு வந்து தகரக் கூரை அறையில் மேசையைத் துடைத்து உட்கார்ந்த காலையில், தெரு முழுக்க ஆட்கள். மின்வாரியத்துக்காரர் டிரான்ஸ்பார்மர் அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், கரண்ட் போகக் கூடாதென்று. கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார்கள். லேப்டாப் திறந்தது, ஆனால் கம்பெனியோடு இணைப்பு வரவில்லை. அனுமதிக்காகக் காத்திருக்கவும் என்று திரையில் எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துச் சொன்னாள். சன்னலோரம் நின்றவர்கள் அதைப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், அது தெரு முனை வரை போனது. யாரும் கலையவில்லை. குற்றாலிங்கம் கடையைத் திறக்காமல் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வெயில் ஏறியது. குரங்குகள் மாமரத்தில் காத்திருந்தன. முப்பிடாதி இணைப்பை மறுபடி மறுபடி முயன்று பார்த்தாள். நான் மழையைத் தொலைத்துவிட்டேன், அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவழியில் எங்கோ தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது.

மத்தியானம் திரும்புகிற சமயத்தில் இணைப்பு வந்தது. உடனே தாமோதரனின் அழைப்பும் வந்தது.

"உங்க பேர்ல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றார் அவர். குரல் களைத்திருந்தது. அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அந்தக் குரலிலேயே தெரிந்தது. "முதல்ல இதைப் பாத்துருங்க."

அவள் பிழையைத் திறந்தாள். யாரோ ஒரு பயணியின் பெயர் இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒன்றை நீக்கினாள்.

தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. வெளியே யாரும் சத்தம் போடவில்லை. அத்தனை பேரும் மூச்சை விட்டது மட்டும் ஒரு காற்றைப் போலக் கேட்டது. அதன்பிறகு மலை முழுசாக இறங்கி வந்து தகரக் கூரையில் கொட்டியது.

"என்ன சத்தம் அது?" என்றார் தாமோதரன்.

"மழை சார். மன்னிச்சுக்கிடுங்க, மியூட் பண்ணிருதேன்."

"வேண்டாம்," என்றார் அவர். மறுபடியும், "மியூட் பண்ணாதீங்க. இருக்கட்டும்," என்றார். அவள் வேலை செய்தாள். அவர் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் அருவி விழுந்தது. லாட்ஜுகளுக்குப் போன் வந்தபடி இருந்தது. வெள்ளி மாலை அவள் லேப்டாப்பை மூடியதும் மழையும் நின்றது. சனிக்கிழமை காலையில், மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேன் வேனாக ஜனங்கள் வந்து இறங்கியபோது, அருவி மெலிந்துகொண்டிருந்தது. பீர் முகமதுவும் வேலம்மாளும் இன்னும் சிலரும் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவள் செண்பகாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுந்திரிம்மா," என்றார் பீர் முகமது. "சனி ஞாயிறுதான் கூட்டம். உனக்குத் தெரியாததில்ல."

"சனி ஞாயிறு எனக்கு லீவு பாய்."

"எங்களுக்குப் புரியுது," என்றார் அவர் இதமாக. "இருந்தாலும் ஊருன்னு ஒண்ணு இருக்குல்லா."

அந்த இதமான குரலை அவள் ஏற்கெனவே ஒரு கண்ணாடி அறையில் கேட்டிருந்தாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். "பாய், அஞ்சு நாளும் நான் உங்களுக்குச் சேத்துத்தான் உக்காருதேன். இந்த ரெண்டு நாளையும் அங்கயும் குடுக்கல, இங்கயும் குடுக்க மாட்டேன்." எதிரே நின்றவர்கள் எல்லோரும் அவளுக்கு வேண்டியவர்கள். அவர்கள் போகவில்லை. அவள் திரும்பிக் குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். அவன் அடுப்படியில், பெரிய கூட்டத்துக்கென்று விடியுமுன்னே பிசைந்த மாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கைகள் மாவுக்குள்ளேயே இருந்தன. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அவன் மாவை ஈரத்துணியால் மூடினான். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து, அவளைக் கடந்து நின்று, "அதான் சொல்லியாச்சுல்லா பாய். போய் லாட்ஜைப் பாருங்க," என்று சொல்லி, கதவைச் சாத்தினான்.

அன்று அருவியில் முழங்கால்கூட நனையாத ஜனங்கள் கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் வேலம்மாள், "திங்கக்கிழமை காலையில, ஒம்பது மணிக்கு," என்றாள். அவர்களில் பாதிப் பேர் லீவு சொல்லிவிட்டு அறை எடுத்துத் தங்கினார்கள். அந்த வருஷம் மேலக்குறிச்சியில் சீசன் என்றால் வாரநாள்கள்தான் என்று ஆகிப்போயிற்று.

முப்பிடாதி அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள். சன்னல் திறந்திருந்தது; வெளியே வெயில் சுத்தமாக அடித்தது; தெருவில் நடந்தவர்கள் அவள் வீட்டருகே வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு நடந்தார்கள். அவள் மாலை வரை தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை.